கதவுக்குப் பின்னால் முதல் இதழ்

எங்கள் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி உண்டு. அதில் பிளாஸ்டிக் பைக்குள் ஒரு பத்திரிகை தொங்கும். பேராசிரியர் சேஷகிரி நடத்தும் ‘துவிபாஷா’வின் முதல் இதழ். இரண்டு மொழி பேசுகிறவர்களைப் பற்றிய ஆராய்ச்சிப் பத்திரிகை. பெயர் சமஸ்கிருதம், உள்ளே முழுக்க இங்கிலீஷ், அறுத்துப் பார்க்கப்படுவது தமிழும் கன்னடமும். என் அப்பா ஜெயவேலுவுக்கு இங்கிலீஷில் ஒரு வரி படிக்க வராது. ஆனாலும் ஊரில் கலவரம் என்றால் ரேஷன் கார்டுக்கு முன்னால் அவர் கை அந்தப் பைக்குத்தான் போகும்.

அது அங்கே எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அக்கா மலருக்குப் பதிமூன்று. கோலார் தங்கவயலை விட்டு விவேக் நகருக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. நைனாவுக்குப் பக்கத்துப் பேட்டையான அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. நாங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். தெருமுனையில் தமிழ்நாட்டு லாரி ஒன்றை எரித்தார்கள். ரப்பர் வாடை இரண்டு நாள் வீட்டுக்குள் நின்றது. மூன்றாவது நாள் பகலில் ஒரு கூட்டம் எங்கள் வரிசைக்குள் வந்தது. மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர் கோவிந்தப்பா பனியனோடு இறங்கி வந்து படியில் நின்றார். கீழ் வீட்டில் இருப்பது கோலார் பக்கத்துத் தெலுங்கு ஆட்கள் என்று கன்னடத்தில் சொன்னார். கூட்டம் போய்விட்டது. பக்கத்துத் தெருவில் ஒரு தமிழ்க் கடையை உடைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

பொய் சொல்லிக் காப்பாற்றியவர், அவரைக் கும்பிட வேண்டும் என்பாள் என் அம்மா ரோஸி. நான் கும்பிட்டதில்லை. அன்றிலிருந்து அந்தப் பொய்யை நாங்கள் ஒழுங்காக நடிக்கிறோமா என்று அவர் மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தார். அந்த வேலையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவராக எடுத்துக்கொண்டார்.

நைனா அன்று சாயங்காலமே தமிழ் காலண்டரைக் கிழித்து அடுப்பில் போட்டார். எங்களை உட்காரவைத்துச் சொன்னார்:

“வாசப்படி தாண்டினா கன்னடா. வெளி ஆளு உள்ள வந்தாலும் கன்னடா. வாயத் தொறந்து ஒரு தமிழ் வார்த்த வந்துச்சுன்னு வையி, நம்ம எல்லாரையும் வெச்சுக் கொளுத்திடுவானுங்க. புரியுதா?”

புரிந்தது. மலர் பெரியவள், சமாளித்தாள். எனக்குத்தான் வாய் தவறும். தவறினால் அறை விழும். தூக்கத்தில் நான் தமிழில் உளறியதற்குக்கூட ஒரு முறை அடி விழுந்தது. அதற்கப்புறம் நான் தூக்கத்தில் என்ன மொழியில் உளறினேன் என்று எனக்குத் தெரியாது.

பொங்கல் கழிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சேஷகிரி வந்தார். கோவிந்தப்பாவுக்குத் தெரிந்தவர். மைசூர்க்காரர். வீட்டில் தமிழும் கன்னடமும் கலந்து பேசி வளர்ந்தவர் என்று பிற்பாடு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் தோளில் ஒரு டேப் ரெக்கார்டர், கையில் ஒரு ஃபிளாஸ்க். அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். அதைத் தரையில் வைத்துவிட்டுத் தன் ஃபிளாஸ்க்கிலிருந்து ஊற்றிக் குடித்தார். கோவிந்தப்பா வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார்.

சேஷகிரி நான்கு படங்களைத் தரையில் பரப்பினார். பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண். மழை. குடை காற்றில் பறக்கிறது. கடைசிப் படத்தில் குடை பஸ்ஸின் மேல் உட்கார்ந்து போகிறது.

“பார்த்து கதை சொல்லுப்பா. உனக்கு எந்த பாஷை இஷ்டமோ அதுல சொல்லு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றார். இதைத் தமிழில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை சொன்னார்.

சமையலறைத் திரைக்குப் பின்னால் நைனா நின்றிருந்தார். திரை இடுக்கில் அவர் கண் மட்டும் தெரிந்தது. வாசலில் கோவிந்தப்பா. நடுவில் நான்.

“மளெ பந்து” என்று ஆரம்பித்தேன். மழை வந்தது. “கொடெ ஹோய்து.” குடை போய்விட்டது. கடைசிவரை கன்னடம். ஒரு வார்த்தை தவறவில்லை. சேஷகிரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் கொடுத்தார். அவர் போன பிறகு நைனா என்னைத் தூக்கிக்கொண்டார். பாஸாகிவிட்டேன் என்றார். யாரோ பெரிய இடத்திலிருந்து சோதனை போட வந்தவர், நாங்கள் தப்பித்தோம் என்று நினைத்தார். மற்றவர்கள் யாரும் அப்படி நினைக்கவில்லை என்று அவருக்கு இன்றுவரை புரியவில்லை.

அந்த வருடக் கடைசியில் முதல் இதழ் வந்தது. சாம்பல் நிற அட்டை, நடுவில் இரண்டு பின். முதல் கட்டுரையே நான்தான். பெயர் போடாமல் S என்று ஒரு எழுத்து. வீட்டில் தமிழ் பேசும் குழந்தை, சொந்த வீட்டுக்குள், எந்த வற்புறுத்தலும் இல்லாமல், தானாகவே ஊர் மொழியைத் தேர்ந்தெடுக்கிறது. குழந்தைகள் மொழி மாறுவது வலியில்லாமல் நடக்கிறது. இதுதான் சாரம். கலவரம் பற்றி ஒரு வரி இருந்தது: ‘அண்மைய பதற்றங்களுக்குப் பிறகும்.’ பிறகும் என்று எழுதியிருந்தார். அதனால் என்று எழுதவில்லை.

சேஷகிரி அந்த இதழில் நன்றி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நைனாவிடம் கொடுத்தார். நைனா அதை மலரை விட்டுப் படிக்கச் சொன்னார். அவள் பள்ளிக்கூட இங்கிலீஷில் தட்டுத்தடுமாறிப் படித்துச் சொன்னதும் அவருக்கு ஒன்று மட்டும் பிடிபட்டது. மகன் கன்னடம் பேசுகிறவன் என்று புரபசர் அச்சில் போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அன்றே ஆணி அடித்தார்.

“நாளைக்கே எவனாவது வந்து கேட்டானுங்கன்னா இத்த எட்து காட்லாம். வாயால சொன்னா நம்புவானுங்களா? எழ்த்துல கீது பாரு” என்றார்.

பத்திரிகை வளர்ந்தது. வருடம் ஒன்று என்று இருந்தது இரண்டு ஆனது, பிறகு நான்கு ஆனது. முதல் சில வருடங்கள் அனுப்பும் வேலை எங்கள் வீட்டில்தான் நடந்தது. அம்மா கோந்து காய்ச்சுவாள். மலர் முகவரி ஒட்டுவாள். ஹைதராபாத், பூனா, டில்லி, அப்புறம் டொரொண்டோ. வீடு முழுக்க மைதா வாடை. பின் போய்ப் பசை பைண்டிங் வந்தது. சாம்பல் அட்டை போய் நீல அட்டை. உள் அட்டையில் வெள்ளைக்காரப் பெயர்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. பிறகு ஈமெயில், வெப்சைட். ஒவ்வொரு வருடமும் சேஷகிரி ஃபிளாஸ்க்கோடு வந்து அதே நான்கு படத்தை என் முன்னால் பரப்புவார். உனக்கு எந்த பாஷை இஷ்டமோ. வாசலில் கோவிந்தப்பா. திரைக்குப் பின்னால் நைனா. நானும் அதே குடையை அதே பஸ்ஸில் ஏற்றி அனுப்புவேன், கன்னடத்தில். மீசை முளைத்த பிறகும் அனுப்பினேன். எனக்கு மொழி பிரச்சினை இல்லை. கன்னடத்தில் எனக்கு நண்பர்கள் உண்டு, சண்டை உண்டு, ஒரு காதல்கூட இருந்து நாசமாய்ப் போனது. ஆனால் அந்தப் படங்களைப் பார்த்தால் மட்டும் கன்னத்தில் அறை விழுவதற்கு முன்னால் வரும் அந்தச் சூடு வரும்.

மலர் வேறு மாதிரி. முகவரி ஒட்டியவள், பிழை பார்க்க ஆரம்பித்தாள். சேஷகிரியிடமே எம்.ஏ. படித்தாள். பத்திரிகையின் உதவி ஆசிரியர் ஆனாள். அவளுக்கு அது ஜியாமெட்ரி பாக்ஸ் இல்லை, விவேக் நகரிலிருந்து வெளியே போகிற வழி. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் கோபம்.

இரண்டாயிரத்தில் ஒரு கன்னட நடிகரைக் காட்டுக்குள் கடத்திப் போனதும் ஊர் மறுபடியும் பதறியது. தமிழ் ஆள் என்று தெரிந்தால் தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். நைனா ஆணியிலிருந்து பையை எடுத்து சாப்பாட்டுக் கூடையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அடுகோடியில் ஐந்தாறு பையன்கள் அவரை மறித்து எந்த ஊர் என்று கேட்டார்கள். பட்டறையில் இத்தனை வருடம் கன்னடம் பேசியவர். கோலார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், விட்டிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. கூடையைத் திறந்து பத்திரிகையை எடுத்து நீட்டினார்.

இங்கிலீஷ் புத்தகத்தை நீட்டினால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? மதம் மாற்ற வந்தவன் என்று நினைத்தார்களோ, படிக்காதவன் என்று தங்களைக் கேலி செய்கிறான் என்று நினைத்தார்களோ. பத்திரிகை சாக்கடைக்குள் போனது. அதை எடுக்க இவர் குனிந்தார். உருட்டுக்கட்டை வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு கோணலாகக் கூடியது. அதற்கப்புறம் லேத் பிடிக்க முடியவில்லை. ஒரு குடோனில் வாட்ச்மேன் ஆனார்.

சேஷகிரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். ரொம்ப வருத்தப்பட்டார். அடுத்த வாரம் முதல் இதழின் இன்னொரு பிரதியைக் கொண்டுவந்து, புதிதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நைனா இடது கையால் அதே ஆணியில் மாட்டினார்.

நான் காலேஜை அந்த வருடம் விட்டேன். நைனாவின் கை உடைந்ததால் விட்டேன் என்று அம்மா சொல்லிக்கொள்வாள். அது பாதிதான். எனக்குப் பாடமும் பிடிக்கவில்லை, வாத்தியார்களும் பிடிக்கவில்லை. பொம்மனஹள்ளி தாண்டி ஒரு கால் சென்டரில் ராத்திரி வேலை. அங்கே என் பெயர் சிட். அமெரிக்கக்காரிகளுக்கு டிஷ்வாஷர் எப்படித் திறப்பது என்று சொல்வேன். நான் டிஷ்வாஷரை நேரில் பார்த்தது கிடையாது.

2002-இல் ஒரு நாள் காலையில் வேலை முடிந்து வந்தபோது மலர் எனக்காகவே காத்திருந்தாள். அம்மா ரவை உப்பிட்டு கிளறிக்கொண்டிருந்தாள். நைனா யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு புறப்படாமல் உட்கார்ந்திருந்தார். ஏதோ பேசிவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

“சித்து, இங்கிலாந்து கம்பெனி ஓகே சொல்லிட்டாங்கடா. இனிமே பத்திரிகை அவங்க போடுவாங்க. நான்தான் மேனேஜிங் எடிட்டர். ஆறு மாசம் அங்க டிரெய்னிங்” என்றாள் மலர்.

“சரி. போயிட்டு வா.”

“முதல் இஷ்யூ பழைய ஸ்டடி மொத்தமும் சேர்த்து ஸ்பெஷல். அதுக்கு ஒரே ஒரு கண்டிஷன். அப்போ சின்னப் பசங்களா இருந்தவங்க இப்போ பெரியவங்க இல்லையா? அவங்க வாயால சரின்னு சொல்லணும். என் பேச்ச போட்டுக்கலாம், நான் என் இஷ்டத்துக்குத்தான் பேசினேன்னு. டேப்ல சொன்னா போதும். மத்தவங்க எல்லாரும் சொல்லிட்டாங்க.”

“நான் சொல்ல மாட்டேன்.”

“ஏன்டா?”

“என் இஷ்டத்துக்குப் பேசல. அதனால.”

அம்மா கரண்டியை வாணலியில் தட்டினாள். “காலங்காத்தால ஆரம்பிச்சுட்டான். ராத்திரி பூரா வெள்ளைக்காரிகிட்ட தேனா பேசறான், வீட்டுக்கு வந்தா வெஷம்.”

“நீ சும்மா இரும்மா. மலரு, நான் கேக்கறது ஒரு வரி. அந்தப் பையன் பயத்துல பேசினான், அவங்கப்பா மிரட்டி வெச்சிருந்தாரு, வீட்டுக்காரன் வாசல்ல நின்னான். இத போட்டுட்டு மீதிய என்ன வேணா போட்டுக்கச் சொல்லு. நான் தடுக்கல.”

“அத போட்டா மீதி என்னடா இருக்கு? பத்திரிகையே அந்தப் பேப்பர் மேலதான் நிக்குது. எத்தன பேரு அத வெச்சு எழுதியிருக்காங்க தெரியுமா? முதல் கட்டுரையே தப்புன்னு சொல்லிட்டு எவன் வாங்குவான்?”

“தப்பா சரியா?”

“என்னைப் போக விடக் கூடாதுன்னு பண்றே” என்றாள். “நீ படிக்கல. அந்த வயித்தெரிச்சல்.”

“ஆமா, வயித்தெரிச்சல்தான். இப்போ சொல்லு, தப்பா சரியா?”

நைனா இடையில் வந்தார். “டேய், சார் எழ்துனது சரிதான்டா. நீ கன்னடந்தானே பேசுன? தமிழ் பேசுனதா எழ்திட்டாரா? இல்லியே.”

“நீ அடிச்ச அடியில பேசினேன் நைனா.”

“அடிச்சேன். அதுக்கு இன்னா இப்போ? உயிரோட கீறீங்க இல்ல ரெண்டு பேரும்?” கோணல் மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தார்.

பத்து மணிக்கு சேஷகிரி வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஃபிளாஸ்க் மட்டும் புதுசு, ஸ்டீல். கோவிந்தப்பா தடியை ஊன்றிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்து வாசல் நிலையில் பழைய இடத்தில் சாய்ந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. எப்போதும் யாரும் கூப்பிட்டதில்லை.

மலர் முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டிருக்க வேண்டும். சேஷகிரி நேராக விஷயத்துக்கு வந்தார்.

“சித்தார்த்தா, பத்து வருஷம் வந்தேன். ஒரு தடவையாவது நீ சொல்லியிருக்கலாமே.”

“யார் எதிர்ல சார்? இதோ இவரு எதிர்லயா?” வாசலைக் காட்டினேன்.

கோவிந்தப்பாவுக்குச் சுருக்கென்றது. “ஏய், நான் இல்லேன்னா நீங்கெல்லாம் அன்னிக்கே பூதி ஆகியிருப்பீங்க, கொத்தா? சாம்பல்! தெரியுமா?”

“தெரியும். பதினொரு வருஷமா நீங்க அத மறக்க விடலையே.”

“சும்னிரி, கோவிந்தப்பா” என்று அவரை அடக்கிவிட்டு சேஷகிரி என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. “பயம்னு சொல்றே. சரி. உலகத்துல எந்தக் குழந்தை பயமே இல்லாம பாஷை மாத்துது? பொழப்புக்குப் பயம், ஸ்கூலுக்குப் பயம், பக்கத்து வீட்டுக்குப் பயம். நீ ராத்திரி அமெரிக்கன் மாதிரி பேசறியே, அது உன் இஷ்டமா? உன் ஒருத்தனுக்கு இந்த வரியைப் போட்டா நான் அச்சடிச்ச எல்லாக் கட்டுரைக்கும் போடணும்.”

“போடுங்க.”

“அப்புறம் பத்திரிகை இருக்காது. தொண்ணூத்தி ரெண்டுல உங்க ஜனங்களப் பத்தி ஒரு வரி எழுத இந்த ஊர்ல எவனும் இல்ல. நான் எழுதினேன்.”

“எங்களப் பத்தி எங்க சார் எழுதினீங்க? S பத்தி எழுதினீங்க. S கேக்கறதுக்கு நல்லா இருந்தான். அழல, கத்தல. எரிஞ்ச லாரி தெருமுனையிலயே நின்னுச்சு, நீங்க குடை எங்க போச்சுன்னு கேட்டுட்டு இருந்தீங்க. திரை இடுக்குல ஒரு கண்ணு தெரிஞ்சுதே, அத பாக்கலையா?”

சேஷகிரி “பார்த்தேன்” என்றார். “உங்க அப்பா வெட்கப்பட்டு உள்ள நிக்கறார்னு நினைச்சேன்.”

அம்மா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. “வெக்கமா? இவருக்கா?” என்றாள்.

மலருக்குக் கண் கலங்கியிருந்தது, கோபத்தில். “முடிச்சிட்டீங்களா ரெண்டு பேரும்? சார், விட்டுடுங்க. அவன் சொல்ல மாட்டான். நான் இங்கிலாந்துக்கு எழுதிடறேன்.”

“இரும்மா” என்றார் சேஷகிரி. பையைத் திறந்தார். அதே நான்கு படங்கள், இப்போது லேமினேஷன் போட்டு. தரையில் பரப்பினார். மலரிடம் ரெக்கார்டரைப் போடச் சொன்னார். “சித்தார்த்தா, நீ இப்போ சொன்னதையெல்லாம் இதுல சொல்லு. என்னைத் திட்டணும்னாலும் திட்டு. அதையும் அந்த ஸ்பெஷல் இஷ்யூல போடறேன்.”

“ஒரு வார்த்தை விடாம?”

“ஒரு வார்த்தை விடாம. என் அம்மா மேல ஆணை.”

“கோவிந்தப்பா மாடிக்குப் போகணும்.”

கோவிந்தப்பா அவமானப்பட்ட முகத்தோடு தடியைத் தட்டிக்கொண்டு ஏறிப் போனார். அவர் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை காத்திருந்தேன்.

“அப்போ சரி” என்றேன். ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“எந்த பாஷை இஷ்டமோ” என்று சேஷகிரி வழக்கம்போல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நான் பேசினேன். குடையைப் பற்றிப் பேசவில்லை. லாரி, ரப்பர் வாடை, காலண்டர், தூக்கத்தில் விழுந்த அறை, நைனா சொன்ன வார்த்தைகள் அப்படியே, திரை இடுக்கில் தெரிந்த கண், ஜியாமெட்ரி பாக்ஸ், சாக்கடை, மணிக்கட்டு. தமிழில் ஆரம்பித்தேன். கோவிந்தப்பா வந்த இடத்தில் கன்னடம் வந்தது. பையன்கள் நைனாவை மறித்த இடத்தில் கன்னடத்துக் கெட்ட வார்த்தைகள் வந்தன. சேஷகிரியைத் திட்டியது இங்கிலீஷில். நைனா எழுந்து ஜன்னலைச் சாத்தினார். மலர் ரெக்கார்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், என்னைப் பார்க்கவில்லை. முடித்ததும் சேஷகிரி கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். படுத்துச் சாயங்காலம்வரை தூங்கினேன். ஒரு கனவும் இல்லை.

மலர் அடுத்த மாதம் இங்கிலாந்து போனாள். ஏர்போர்ட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள், என்னிடம் தலையை மட்டும் ஆட்டினாள். அந்தக் கம்பெனிக்கு என் சம்மதம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அம்மா சொன்னாள். “என்ன சம்மதம்?” என்றேன். டேப்பில் நான் சரி என்று சொன்னது போதுமாம்.

இதழ் கூரியரில் வந்தது. செங்கல் மாதிரி கனம். வழவழப்பான அட்டை, மேலே சுருங்கிய பிளாஸ்டிக் உறை. கோந்துக்கு வேலை இல்லை. அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “மிஷின்லயே ஒட்டிடறாங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

முதல் கட்டுரை பழையதுதான். ஒரு எழுத்து மாறவில்லை. வற்புறுத்தல் இல்லாமல், தானாகவே. நான் தேடியது கடைசிப் பக்கங்களில் இருந்தது. புதுக் கட்டுரை. எழுதியவர்கள் சேஷகிரி, ஜே. மலர். அதே S, பத்து ஆண்டுகளுக்குப் பிறகு. கோபமாகப் பேசும்போது இருமொழிக்காரர்கள் எந்த இடத்தில் மொழி மாறுகிறார்கள் என்பது பற்றி. நான் பேசியது முழுக்க அதில் இருந்தது. சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டார். ஒரு வார்த்தை விடவில்லை. எடுத்துக்காட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று துண்டு துண்டாக வெட்டி, தமிழும் கன்னடமும் இங்கிலீஷ் எழுத்தில், கன்னடம் வரும் இடமெல்லாம் தடித்த எழுத்தில். கீழே அட்டவணை. வசை வார்த்தைகளில் கன்னடம் இவ்வளவு சதவீதம், பயத்தைச் சொல்லும்போது தமிழ் இவ்வளவு சதவீதம். நான் சொன்னது உண்மையா பொய்யா, முதல் கட்டுரைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எங்கும் ஒரு வரி இல்லை.

மலருக்கு போன் போட்டேன். அங்கே அவளுக்கு இன்னும் விடிந்திருக்காது.

“பார்த்தியா?” என்றாள்.

“பார்த்தேன். நீதான் வெட்டினியா?”

“நான்தான் எழுதி எடுத்தேன். நாலு நாள் ஆச்சு. ஒவ்வொரு வார்த்தையும் பத்துத் தடவை கேட்டேன்டா.” “அச்சுல வந்துடுச்சு இல்ல? நீ கேட்டது அதுதானே.”

“நான் கேட்டது அது இல்லன்னு உனக்குத் தெரியும்.”

“தெரியும்” என்றாள். “ஆனா இனிமே யார் வேணாலும் படிக்கலாம்.”

“யாரு படிப்பா?”

அவள் வைத்துவிட்டாள்.

நைனா குடோனுக்குப் புறப்படுகிற நேரம். காக்கிச் சட்டையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வாசல் கதவு திறந்திருந்தது. வெளியே படியில் கோவிந்தப்பாவின் தடிச் சத்தம். காலை வெயிலுக்கு இறங்கி வருகிறார்.

“பெருசா கீதே. நம்மளப் பத்தி இன்னா போட்டுக்கீறாரு? படி, கேப்போம்.”

சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. எடுத்துக்காட்டு பதினான்கைப் படித்தேன். இங்கிலீஷ் எழுத்தில் இருந்த தமிழ். மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் இல்லை.

“வாயத் தொறந்து ஒரு தமிழ் வார்த்த வந்துச்சுன்னு வையி, நம்ம எல்லாரையும் வெச்சுக் கொளுத்திடுவானுங்க.”

நைனா அசையவில்லை. தன் குரலைத் தானே கேட்டது மாதிரி உட்கார்ந்திருந்தார். பெருமைப்படுவாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். இவரிடம் எதுவும் சொல்ல முடியாது. வெளியே தடிச் சத்தம் கடைசிப் படிக்கு வந்தது. அவர் சட்டென்று எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஆணியில் பழைய பை ஆடியது.

“மெல்ல படிடா” என்றார். “வெளிய கேக்கப்போவுது.”

கட்டுரையில் இன்னும் நிறைய மீதி இருந்தது. நான் குரலைக் குறைக்காமல் எடுத்துக்காட்டு பதினைந்தைப் படித்தேன்.